தேதிக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது யார் வேலை?



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பரிடம் "தேதியைப் பத்தி எழுதறேன்" என்றேன். "நட்பு, காதல், தன்னம்பிக்கைன்னு எவ்வளவோ இருக்கு. நீ காலண்டரைப் பத்தியா எழுதப் போறே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆமாம், காலண்டரைப் பற்றித்தான். பல மொழிகளில் ஓடுகிற ஒரு வெப்சைட்டில், சர்வர் தேதியை எப்படி அனுப்ப வேண்டும், எப்படி அனுப்பவே கூடாது என்பது பற்றி. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் கல்யாணப் புடவையும் வருகிறது, கோயிலும் வருகிறது.

முதலில் புடவை.

எங்கள் பெரியப்பா தறிக்காரர். கோர்வைப் புடவை நெய்பவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் கைகொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் எங்கள் பெரியம்மா. ஒரு கடையிலிருந்து அவர்களுக்கு ஒரு கல்யாணப் புடவை ஆர்டர் வந்தது. கேட்டவர்கள் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கடையின் வெப்சைட்டில் பார்த்து, பணம் கட்டி, ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். "எப்போது கிடைக்கும்?" என்ற இடத்தில் திரையில் இருந்தது: 05/06. பக்கத்தில் வருஷம்.

கடைக்காரர் போட்டது ஜூன் 5. அவர்கள் படித்தது மே 6. அமெரிக்காவில் மாசத்தை முதலில் எழுதுவார்கள், நாளைப் பிறகு எழுதுவார்கள். கல்யாணம் வைகாசியில், மே மாதக் கடைசியில். மே 6ந் தேதி வந்துவிடும் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். மே பத்து தேதிக்குப் போன் வந்தது: "புடவை எங்கே?" புடவை தறியில் இருந்தது. பாதி கூட முடியவில்லை. முந்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஆர்டர் கேன்சல். நெய்து முடித்த புடவை கடை பீரோவில் உட்கார்ந்தது. விற்றால்தான் கூலி பாக்கி என்றார்கள். "நாங்க சரியாத்தான் போட்டோம், அவங்க தப்பாப் படிச்சுட்டாங்க" என்பது கடையின் வாதம். அவர்களைக் கேட்டால் "நாங்க சரியாத்தான் படிச்சோம், அவங்க தப்பாப் போட்டுட்டாங்க" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். தப்பு நடுவில் இருக்கிறது. அந்த நடுவுக்குப் பெயர்தான் ஏ.பி.ஐ.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நீங்கள் செல்போனில் பார்க்கும் பக்கம் தனி, தகவல் இருக்கும் சர்வர் தனி. பக்கம் கேட்கும், சர்வர் பதில் அனுப்பும். அந்தக் கேள்வி பதிலுக்கான ஒப்பந்தம்தான் ஏ.பி.ஐ. பதில் பெரும்பாலும் ஜேசன் என்ற வடிவத்தில் வரும். இதில் ஒரு வேடிக்கை: ஜேசனில் எண்ணுக்கு இடம் உண்டு, எழுத்துக்கு உண்டு, 'ஆம், இல்லை' என்பதற்குக் கூட உண்டு. தேதி என்று ஒரு இனம் கிடையாது! எனவே தேதி வெறும் எழுத்தாகப் போகிறது. எழுத்துதானே என்று ஆளாளுக்கு இஷ்டப்படி எழுதுகிறார்கள்.

இதற்கு உலகம் எப்போதோ ஒரு தீர்வு சொல்லிவிட்டது. ஐ.எஸ்.ஓ. 8601 என்ற தரம், முதல் பதிப்பு 1988. பெரியதிலிருந்து சிறியது: வருஷம், மாசம், நாள். 2024-06-05. இதை ஜூன் 5 என்றுதான் படிக்க முடியும். இணையத்துக்காகவே இதைச் சுருக்கி, கறாராக்கி, ஆர்.எஃப்.சி. 3339 என்று 2002ல் வெளியிட்டார்கள். இன்னொரு லாபமும் உண்டு. இப்படி எழுதிய தேதிகளை வெறும் எழுத்து வரிசையில் அடுக்கினாலே கால வரிசையாகிவிடும். 05/06 பாணியில் எழுதினால் ஜனவரி 5ம் டிசம்பர் 5ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

சரி, இதுவரை யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இனிமேல்தான் சண்டை.

நம் டிபார்ட்மெண்டில் நல்ல தமிழ்ப் பற்றுள்ள நண்பர்கள் பலர் உண்டு. ப்ராஜெக்ட்டுக்கு தமிழ், ஆங்கிலம், தெலுங்கு என்று மூன்று மொழியில் சைட் செய்கிறார்கள். காஞ்சிபுரத்துக்கு ஆந்திராவிலிருந்து எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும், ஆகவே நல்ல எண்ணம். பிரவுசர் ஒவ்வொரு முறையும் "எனக்கு இந்த மொழி வேண்டும்" என்று 'அக்செப்ட்-லாங்வேஜ்' என்ற தலைப்பு வரியில் சொல்லி அனுப்புகிறது. அதைப் பார்த்து சர்வரே தேதியைத் தமிழாக்கி "5 ஜூன், 2024" என்று வாக்கியமாக அனுப்பிவிடுகிறது. "பாத்தியா, என் ஏ.பி.ஐ. தமிழ் பேசுது!" என்று பெருமை வேறு.

என் கருத்து: அது பெருமை இல்லை, தொல்லை. சர்வர் தேதியைத் தேதியாக அனுப்பட்டும். தமிழாக்குவது திரையின் வேலை.

ஏன் தெரியுமா? "5 ஜூன், 2024" என்று வந்த பிறகு அதை வைத்து என்ன செய்வீர்கள்? "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கணக்குப் போட முடியாது. வரிசைப்படுத்த முடியாது. போன் காலண்டரில் சேர்க்க முடியாது. அவற்றுக்கெல்லாம் அந்தத் தமிழை மறுபடி உடைத்து எண்ணாக்க வேண்டும். கஞ்சி போட்டுப் பளபளப்பாக்கிய துணியைத் திரும்ப நூலாக்குகிற கதை.

அப்புறம், எந்தத் தமிழ்? நமக்கு பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர். யாழ்ப்பாணத்தில் பெப்ரவரி, ஓகஸ்ட், ஒக்டோபர். நாம் எழுதுவதும் தமிழ், அவர்கள் எழுதுவதும் தமிழ். அதனால்தான் தமிழுக்கே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு தனித்தனி குறியீடுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு என்ன வேண்டும் என்பதைக் காஞ்சிபுரத்து சர்வர் முடிவு செய்ய வேண்டியதில்லை.

எழுத்துக்கே வருவோம். ஒரு ஜூனியர் தம்பி மாசப் பெயரைச் சுருக்க, ஆங்கிலத்தில் செய்வது போலவே முதல் மூன்று எழுத்தை வெட்டினான். ஆங்கிலத்தில் அது சரி. தமிழில் கம்ப்யூட்டர் எண்ணுகிற 'எழுத்து' வேறு. 'ஜூ' நமக்கு ஒரு எழுத்து, அதற்கு இரண்டு. புள்ளியும் தனிக் கணக்கு. விளைவு: மார்ச் 'மார' ஆனது, ஜூன் 'ஜூன' ஆனது, பிப்ரவரி 'பிப' ஆனது, ஆகஸ்ட் 'ஆகஸ' ஆனது. தலைமேல் புள்ளி இல்லாமல் பன்னிரண்டு மாசத்தில் பாதி மொட்டையாக நின்றது. லேபே சிரித்தது. (தம்பி கோபப்படக் கூடாது. போன வருஷம் நானும் இதையேதான் செய்தேன்.)

ஒட்டு வேலை இன்னும் மோசம். மாசப் பெயரோடு 'ல்' சேர்த்தால் 'மாதத்தில்' என்ற பொருள் வந்துவிடும் என்று நினைப்பார்கள். 'ஜனவரில்' என்று வரும். தமிழில் ஜனவரியில், மார்ச்சில், ஜூனில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. '1 நாட்களுக்கு முன்பு' என்று எத்தனை சைட்டில் பார்த்திருக்கிறோம்! ஒரு நாள் எப்போது நாட்கள் ஆயிற்று?

இதற்கெல்லாம் நாம் கஷ்டப்பட வேண்டியதே இல்லை. யூனிகோட் கூட்டமைப்பு, உலக மொழிகளின் மாசப் பெயர், கிழமைப் பெயர், ஒருமை பன்மை விதி எல்லாவற்றையும் சி.எல்.டி.ஆர். என்ற பெயரில் ஒரே களஞ்சியமாக வைத்திருக்கிறது. தமிழும் அதில் இருக்கிறது. பிரவுசருக்குள்ளேயே அது வந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் 'இன்ட்ல்' என்று ஒரு பகுதி, அதன் முதல் தர வெளியீடு 2012. 2024-06-05ஐக் கொடுத்து "இந்தியத் தமிழில் சொல்லு" என்றால் சொல்லும். "நேற்று", "நாளை" என்று கூடச் சொல்லும். ஆசைப்பட்டால் தமிழ் எண்ணில் ௨௦௨௪ என்றும் போட்டுக் காட்டும். (பழைய முறையில் ௨௲௨௰௪ என்று எழுத வேண்டும் என்று தாத்தாக்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵ என்று பழைய கணக்கு நோட்டில் இருந்த குறிகளுக்கும் யூனிகோடில் இடம் இருக்கிறது. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.)

இனி இந்திய மாணவர்கள் எல்லாரையும் பிடிக்கும் ஒரு பேய். பெயர் '18:30'.

மே 23ந் தேதி என்று ஒரு படிவத்தில் தேர்ந்தெடுக்கிறீர்கள். டேட்டாபேஸில் போய்ப் பார்த்தால் மே 22, மணி 18:30 என்று உட்கார்ந்திருக்கும். "யார் மாத்தினது?" யாரும் மாற்றவில்லை. நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். நமக்கு 23ந் தேதி நள்ளிரவு பிறக்கும்போது பொது நேரத்தில் இன்னும் 22ந் தேதி மாலை ஆறரை. ப்ரோக்ராம் உங்கள் நாளை ஒரு நொடியாக்கி, அந்த நொடியைப் பொது நேரத்தில் எழுதியிருக்கிறது. அதை வெட்டி நாளை மட்டும் எடுத்தால் ஒரு நாள் போச்சு.

எதிர்ப்பக்கப் பேயும் உண்டு. வெறும் 2024-05-23 என்று கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பொது நேர நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. இங்கே பார்த்தால் அதே நாள் காலை ஐந்தரை, தேதி சரி, நமக்குத் தப்பே தெரியாது. நியூஜெர்சியில் பார்த்தால் முந்தின நாள் மாலை, அதாவது 22! பின்னாலேயே மணியைச் சேர்த்து எழுதி, எந்த ஊர் நேரம் என்று சொல்லாவிட்டால், அதே ஜாவாஸ்கிரிப்ட் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. ஏன் இப்படி இரண்டு விதம் என்று கேட்காதீர்கள். அது ஒரு சரித்திரம்.

முகூர்த்த நாள், பிறந்த நாள், டெலிவரி நாள் இவையெல்லாம் நொடி இல்லை, நாள். காஞ்சிபுரத்தில் நடக்கும் கல்யாணம் அமெரிக்காவில் பார்த்தாலும் 23தான். அதற்கு மணியும் வேண்டாம், மண்டலமும் வேண்டாம். பணம் கட்டிய நேரம் நொடி. அதற்கு மண்டலம் கட்டாயம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவதுதான் பாதி வியாதிக்குக் காரணம். வேர்ட்பிரஸ் மாதிரி பெரிய மென்பொருளின் ஏ.பி.ஐ.யைப் பாருங்கள். ஒரு கட்டுரை வெளியான நேரத்தை சைட்டின் ஊர் நேரத்தில் ஒன்று, பொது நேரத்தில் ஒன்று என்று இரண்டு தனி இடத்தில் அனுப்புகிறது. இரண்டுமே எண் வடிவம். மாசப் பெயர் எதிலும் இல்லை.

மண்டலம் என்றால் 'கூட்டல் ஐந்தரை' என்று எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். நமக்குப் போதும் போலத் தோன்றும். இலங்கையைப் பாருங்கள். 1996ல் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றினார்கள், முதலில் ஆறரைக்கு, பிறகு ஆறுக்கு. 2006ல் திரும்ப ஐந்தரைக்கே வந்தார்கள். 2000ல் கொழும்பில் நடந்ததற்கு இன்றைய ஐந்தரையைப் போட்டால் அரை மணி தப்பு. அதனால்தான் 'ஏசியா/கொழும்பு', 'ஏசியா/கொல்கத்தா' என்று ஊர்ப் பெயரில் மண்டலத்தை வைக்கிறார்கள். ஊரின் சரித்திரம் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போது கோயில்.

2019ல் அத்திவரதர் எழுந்தருளியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். 1979க்குப் பிறகு நாற்பது வருஷம் கழித்து. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். ஊரே நடக்க இடமில்லாமல் இருந்தது. இதை ஒரு ஏ.பி.ஐ.யில் எழுதுங்கள் பார்ப்போம். தொடக்கம் 2019-07-01, முடிவு 2019-08-17. சரிதானே? கழித்துப் பாருங்கள்: 47 வரும்! கடைசி நாளும் சேர்த்தி என்பதைக் கழித்தல் அறியாது. ஐகேலண்டர் என்ற காலண்டர் வடிவம் இன்னும் ஒரு படி மேலே. முழுநாள் நிகழ்ச்சிக்கு முடிவு என்று கொடுக்கும் நாள் அதில் சேராது. 17 என்று கொடுத்தால் 16ந் தேதியோடு நடை சாத்திவிடும். 18 என்று கொடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து கடைசி நாள் தரிசனத்துக்கு வர நினைப்பவர் உங்கள் சைட்டை நம்பினால் என்ன ஆவார்? "வரை" என்பது அந்த நாளையும் சேர்த்தா இல்லையா என்று ஏ.பி.ஐ.யின் விளக்கத்தில் எழுதி வைக்காதவன் பாவி.

தமிழ் மாசம் வேண்டும் என்று கோயில்காரர் கேட்டால்? கேட்பார்! ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரத்தை மார்ச், ஏப்ரல் என்று யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? இங்கேதான் நான் முதலில் சொன்னதற்கு ஒரு விலக்கு. பிரவுசருக்குள் எத்தனையோ நாட்காட்டி இருக்கிறது. பாரசீகம், யூதம், சீனம், ஜப்பான், ஏன், 1957ல் நம் அரசாங்கம் ஏற்ற சக நாட்காட்டி கூட இருக்கிறது. நம் சித்திரை, வைகாசி இல்லை. எனவே தமிழ்த் தேதியை சர்வர்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அதையும் வாக்கியமாக அனுப்பாதீர்கள். ஆங்கிலத் தேதியை அதன் இடத்தில் வைத்து, பக்கத்திலேயே தமிழ் மாச எண், நாள் எண், ஆண்டு, எந்தப் பஞ்சாங்கம் என்று தனித்தனியாக வையுங்கள்.

பஞ்சாங்கம் எதற்கு? வாக்கியமும் திருக்கணிதமும் எல்லா நாளும் ஒத்துப்போவதில்லை. தை 1 கூட 2024ல் ஜனவரி 15, 2025ல் ஜனவரி 14. மாசம் எண் 1 என்று மட்டும் அனுப்பினால் தெலுங்குப் பக்கத்தில் அதைச் 'சைத்ரம்' என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். சித்திரை சூரியக் கணக்கு, சைத்ரம் சந்திரக் கணக்கு. 2024ல் யுகாதி ஏப்ரல் 9, நம் சித்திரை 1 ஏப்ரல் 14. பெயர் ஒத்திருப்பதால் நாள் ஒத்துவிடாது. ஆண்டுக்கோ கேட்கவே வேண்டாம். அறுபது வருஷச் சுற்றுப்படி அது குரோதி. திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கூட்டி 2055. புத்தாண்டு தை 1 என்று 2008ல் சட்டம் வந்தது, 2011ல் அது நீக்கப்பட்டது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல சர்வர் யார்? எந்தக் கணக்கு என்று பெயரைச் சொல்லி அனுப்பட்டும், போதும்.

நம் மாவட்டத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க ஸ்கூலில் கூட்டிப்போயிருப்பார்கள். முதலாம் பராந்தகனின் 12ம் ஆண்டு, 14ம் ஆண்டு என்றுதான் கல்லில் இருக்கிறது. அது 919, 921 என்று நமக்குத் தெரிவது, அவன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்று அறிஞர்கள் கணக்கிட்டுச் சொன்னதால். எந்தப் புள்ளியிலிருந்து எண்ணுகிறோம் என்பது தெரியாவிட்டால் 12 என்பது வெறும் 12. கம்ப்யூட்டரும் இதே மாதிரிதான். 1970 ஜனவரி 1லிருந்து நொடியை எண்ணுகிறது. ஆனால் எந்த அரசனின் ஆண்டு என்று கல்வெட்டு ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. 05/06 அதைக் கூடச் சொல்லவில்லை.

இதை எழுதும்போதே ஒரு பயம். இதைப் படித்துவிட்டு, "சரிதான், ஐ.எஸ்.ஓ.வில் அனுப்பியாச்சு, வேலை முடிஞ்சது" என்று உட்கார்ந்துவிடும் நண்பர்கள்தான் அதிகம் இருப்பார்கள். 2024-06-05 என்பதை அப்படியே பெரியம்மாவிடம் காட்டினால் அவருக்கு என்ன புரியும்? அது சர்வருக்கும் திரைக்கும் நடுவில் பேசும் பாஷை. எத்தனை தமிழ் சைட்டுகளில் தலைப்பு தமிழ், செய்தி தமிழ், கீழே தேதி மட்டும் இங்கிலீஷ்! யாரோ ஒருவர் கடைசி ஒரு வரியை எழுதச் சோம்பல் பட்டிருக்கிறார். அந்தச் சோம்பலுக்கு என் கட்டுரையைச் சாக்காகக் காட்டக் கூடாது.

எஸ்.எம்.எஸ்., பிரிண்ட் பில், இமெயில் ஆகியவற்றில் திரையில் ப்ரோக்ராம் ஓடாது. அங்கே சர்வரே தமிழில் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதட்டும். "ஜூன் 5, புதன்கிழமை" என்று மாசத்தை எழுத்தில் எழுதினாலே போதும், யாரும் மே என்று படிக்க மாட்டார்கள்.

அந்தக் கடையின் வெப்சைட்டை லீவில் போய் நான்தான் மாற்றிக் கொடுத்தேன். சர்வரில் ஒரு வரி, பக்கத்தில் இரண்டு வரி. புடவை தீபாவளிக்கு விற்றது, கூலி அதற்கப்புறம் வந்தது. பெரியப்பாவிடம் மாற்றியதைச் சொன்னேன். "மூணு வரியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

கடைசி வருஷ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி உங்கள் லேப்டாப்பின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி, மொழியைத் தமிழாக்கி, ப்ராஜெக்ட்டை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பிறகு கொழும்புக்கு மாற்றி ஒரு தடவை. தேதி நகர்ந்தால் என்னிடம் வாருங்கள். மதிய இடைவேளையில் இரண்டாவது லேபில் ஜன்னலோர சிஸ்டத்தில் இருப்பேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பிரிவு